அகிலின் மேல் விரிந்த மொட்டு

என் கண்ணான ஜைனப் ராத்தாவுக்கு,

அல்லாஹ் நீ உறங்குகிற கபுரை விசாலமாக்கி வைக்கட்டும். கோல சிலாங்கூரில் நாங்கள் எல்லோரும் சுகம். நீங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தைச் சுற்றியிருந்த முள்வேலியைப் பிரித்துவிட்டார்கள், ராத்தா. ஊரடங்கும் போய்விட்டது. இதைப் பார்க்க நீ இருந்திருக்கக் கூடாதா?

இன்னொரு சேதி. உன் மகள் மரியத்துக்கு வருகிற வெள்ளிக்கிழமை நிக்காஹ். சேலை, நகையெல்லாம் மச்சான் பார்த்துக்கொண்டார். பிள்ளை என்னிடம் கேட்டது ஒன்றுதான். "சாச்சி, நீங்களும் உம்மாவும் செய்வீங்களே, அந்த மல்லிகை அத்தர். அது எனக்கு வேணும்."

மல்லிகை வேலிக்கு உள்ளே, மச்சானின் தோட்டக் கடைக்குப் பின்னால். அகில் கட்டை வேலிக்கு வெளியே, என் வீட்டில். பொழுது சாய்ந்தால் கேட்டை மூடிவிடுவார்கள் என்று நடுப்பகல் லுஹர் தொழுத கையோடு மொட்டாகவே பறித்து, ஈரத்துணியில் முடிந்துகொண்டு வருவாய்.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று ஒரு பிடி அரிசிகூட வெளியே விடாத காலம். ஒருநாள் கேட்டில் சோதனை போடுகிற பொண்ணு உன் முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "அரிசிதானே இது?" என்று பிடித்துக்கொண்டாள். நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ, "மோந்து பாரு லா. இதைப் பொங்கினா சட்டிதான் மணக்கும், வயிறு நிறையாது" என்றாய். அவள் சிரித்துவிட்டு, ஒரு கை மொட்டை வாங்கி மடியில் கட்டிக்கொண்டல்லவா உன்னை விட்டாள்.

அகிலைச் சீவிப் போட்டு இளஞ்சூட்டில் காய்ச்சிய எண்ணெயில் வெள்ளைத்துணியை நனைத்து, அதன்மேல் மொட்டைப் பரப்பி மூடி வைப்பேன். துணிமேலேயே மொட்டு விரியும். விடியற்காலை பஜ்ருக்குப் பிறகு பூவை உதறிவிட்டுத் துணியைப் பிழிவேன். எதையும் அளந்து போடுகிற நான், கட்டையில் மட்டும் ஒரு சிட்டிகை கூட்டிவிடுவேன். "பூ முன்னால போகட்டும்டி, கட்டை பின்னால வந்து தாங்கிக்கும்" என்று நீ அந்தச் சிட்டிகையை எடுத்து வைத்துவிடுவாய்.

இந்தத் தடவை என்ன செய்தேன் தெரியுமா? இப்போதுதான் கேட் இல்லையே, பொழுது சாய்ந்து மஃரிபுக்கு அப்புறம் நன்றாக விரிந்த பூவாகவே பறிக்கலாமே என்று ஆசைப்பட்டேன். விடிவதற்குள் பூ கறுத்துப் புளித்த வாடை. அதை மறைக்கக் கட்டையை அள்ளிப் போட்டேன்.

மரியம் மோந்து பார்த்தாள். "சாச்சி, உம்மாவைக் கடைசியாக் குளிப்பாட்டி வச்சிருந்தப்ப வீட்டுல இந்த வாசனைதான் இருந்துச்சு. இது வேணாம்." அன்றைக்கு அகில் புகை போட்டவளே நான்தானே, ராத்தா. கல்யாணப் பெண்ணின் கையில் அதையா பூசுவேன்?

முந்தாநாள் லுஹர் தொழுதுவிட்டு, நல்ல வெயிலில், உன் கொடிக்குப் போனேன். யாரும் விரட்டவில்லை. மூடிய மொட்டாகவே பறித்து ஈரத்துணியில் முடிந்தேன். சீவிய கட்டையில் நீ எடுத்து வைப்பதுபோல் ஒரு சிட்டிகையை எடுத்து வைத்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிக் காய்ச்சினேன்.

நேற்றுக் காலை மரியத்தின் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தேன். மோந்து பார்த்தாள். இன்னொரு கையையும் நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை உன் பிள்ளைக்கு நானே பூசிவிடுகிறேன். சபாக்கில் அவள் வாழப்போகிற வீட்டில் உன் கொடியிலிருந்து ஒரு பதியன் வைத்துக் கொடுக்கிறேன். மொட்டு அங்கேயிருந்து வரட்டும். கட்டை என் வீட்டில் இருக்கும். நான் உள்ளவரை இரண்டும் சேரும், ராத்தா.

கட்டையை எப்போதும் கூட்டிப் போட்டுவிடுகிற
உன் தங்கச்சி,
ஆயிஷா