டாலியன்ஸ் என்றால் என்ன?

மார்ச் 4
ஆடைத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் வேலை என்றால் சலவைக் குறிப்பும் தீ விபத்து விதியும்தான். இன்று விசாரணை அறிக்கை வந்தது, ஆங்கிலத்தில். பட்டன் செக்ஷன் அக்காவின் இடுப்பில் சூப்பர்வைசர் கை வைத்தது வெறும் ‘டாலியன்ஸ்’ ஆம். நான் செய்யும் தமிழாக்கம் அறிவிப்புப் பலகையில் ஏறியதும் புகார் முடிந்துவிடும். அக்கா அவனுக்குக் கீழேயே வேலை செய்ய வேண்டும்.

மேனேஜர் சொன்னார்: “விளையாட்டுன்னு போட்டு முடிம்மா.”

யாருக்கு விளையாட்டு?

மார்ச் 5
பெரிய அகராதியைப் புரட்டினேன். அந்தச் சொல்லுக்கு முதலில் வெறும் பேச்சு, அளவளாவல் என்றுதான் பொருளாம். பிறகு கொஞ்சிக் குலாவுவது. பிறகு வீணாகக் காலம் கடத்துவது. நம் சல்லாபமும் உரையாடலாகப் பிறந்து கட்டிலுக்குப் போன சொல்தானே. அதையே போடலாமா? சீ! பேச்சுக்கு இரண்டு பேர் வேண்டும். அக்கா பேசியது “கையை எடு” மட்டும்.

காலம் கடத்துவது — அது பொருந்துகிறது. புகார் கொடுத்தது போன மழைக்காலத்தில்.

மார்ச் 6
சாப்பாட்டு அறையில் அக்கா கேட்டாள்: “என்னடி, என்னதான் எழுதியிருக்காங்க?”

சொன்னேன். சிரித்தாள். “வெளையாட்டா? நான் எப்போடி ஆட வந்தேன்?”

டப்பாவைத் திறக்காமலே எழுந்து போனாள். படிச்சு என்னத்தக் கிழிச்சேன் நான்?

மார்ச் 7
சொல்லைத் தமிழெழுத்தில் அப்படியே விட்டுவிட்டேன். “இதுக்குத் தமிழ்ல வார்த்தை கிடைக்கல சார்.”

“சரி, ஒட்டித் தொலை. யாருக்குப் புரியப்போகுது?”

மார்ச் 10
பலகை முன்னால் கூட்டம். “டாலியன்ஸ்னா என்னடி?” என்று என்னைப் பிய்த்தெடுத்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்: “கையை எடுன்னு சொன்னேன். எடுக்கல. அதுக்கு இங்கிலீஷ்ல அதான் பேரு.”

மார்ச் 18
சூப்பர்வைசர் வரிசைக்குள் நுழைந்தாலே யாராவது “டாலியன்ஸ்!” என்கிறார்கள். மெஷின்கள் நிற்கின்றன.

மேனேஜர் கூப்பிட்டு, “விளையாட்டுன்னே மாத்திடும்மா” என்றார்.

“இப்போ மாத்தினா அதுக்கும் அர்த்தம் கேப்பாங்க சார்.”

ஏப்ரல் 2
அவனைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அதே பதவி, அதே சம்பளம். தூ!

கிடங்கில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். மதியம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன்: அக்கா வாசலில் நின்று, அவர்களுக்கு அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.