அப்பாவின் பரிசீலனையில் இருக்கும் முறுக்கு

அன்புள்ள ஷ்யாம் அண்ணாவுக்கு,

முதலில் அம்மாவின் ஆசிகள். இங்கே புனே ஔந்தில் மூவரும் நலமாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் உன் இருமல் நின்றதா என்று அம்மா கேட்கிறாள். இது அம்மாவின் கடிதம்தான், அவள் கையெல்லாம் மாவாக இருப்பதால் தேஜஸ்வினியாகிய நான் தட்டச்சு செய்கிறேன். அவள் சொல்வதை அப்படியே எழுதினால் பாதிக்கு மேல் திட்டாக இருக்கும், ஆகவே நல்ல தமிழில் மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டேன். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார், குடும்ப வாட்ஸப் குழுவிலும் அவர்தான் முதலில் படிப்பார், அதனால்தான் மின்னஞ்சல்.

எல்லாம் உன் யோசனையால் வந்தது. அம்மாவின் முறுக்கு வியாபாரத்துக்கு ஸ்டார்ட்அப் என்று பெயர் வைத்து, குறும்பதிவுத் தளத்தில் கணக்குத் தொடங்கி, தினமும் நாலு வரி எழுதி ஆட்களைச் சேர்த்து, கேட்பவர்களுக்கு உடனே பதில் சொன்னால் விளம்பரச் செலவே இல்லாமல் விற்கலாம் என்று விளக்கிவிட்டு நீ விமானம் ஏறிவிட்டாய். கணக்கை அப்பாவிடம் ஒப்படைத்தது நீதான் என்பதை அழுத்தி எழுதச் சொல்கிறாள் அம்மா. கட்கியில் உள்ள அரசு அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அப்பா இப்போது காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு சாப்பாட்டு மேஜையில் டேப்லெட்டின் முன் டியூட்டிக்கு உட்கார்ந்துவிடுகிறார். பதில் எல்லாம் அலுவலக நடையில்தான். விலை என்ன என்று கேட்ட ஸ்நேஹா என்ற பெண்ணுக்கு, தங்கள் பதிவு கிடைக்கப்பெற்றது, பரிசீலனையில் உள்ளது என்று எழுதினார். தளம் நீளமாக எழுத விடாததால் பத்தி எண் போட்டுத் துண்டு துண்டாக வெளியிடுகிறார். இதைப் படித்துச் சிரிப்பதற்கென்றே புனே முழுவதும் கூட்டம் சேர்ந்திருக்கிறது. மரியாதையால் சேர்ந்த கூட்டம் என்று அப்பா நம்புகிறார், நான் திருத்தவில்லை. அம்மாவோ, "சிரிக்கிறவனும் முறுக்கு திம்பான்டி, முதல்ல விலையச் சொல்லச் சொல்லு" என்கிறாள்.

போசரியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனை நடத்தும் ஜெயசீலன் என்பவர், தீபாவளிக்குத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் கொடுக்க, இந்த ஊரில் முறுக்கு மாதிரியே சுடும் சக்லி கிடைக்குமா என்று கேட்டார். அப்பா, நாங்கள் செய்வது சக்லி அல்ல, முறுக்கு, மாவிலிருந்தே இரண்டும் வேறு என்று பத்தி பத்தியாக விளக்கி, ஆகவே தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை என்று முடித்துவிட்டார். அடுப்பு வாடகையும், உதவிக்கு வரும் பெண்களின் சம்பளமும் இந்தத் தீபாவளியை நம்பித்தான் இருக்கின்றன, பெரிய ஆர்டர் வராவிட்டால் வியாபாரத்தை மூட வேண்டியதுதான். கணக்கைப் பிடுங்கினாலோ அப்பா மறுபடி சுவரைப் பார்ப்பார்.

பிறகு ஜெயசீலனே திரும்பவும் எழுதினார், முறுக்குக்காக இல்லை. பக்கத்துக் கிடங்குக்காரர் கேன்டீன் வாசலை மறித்து லாரி நிறுத்துகிறார், உங்கள் நடையைப் படித்தால் எனக்கே பயமாக இருக்கிறது, அவருக்கு ஒரு நோட்டீஸ் எழுதித் தருவீர்களா என்றார். அப்பா மனம் குளிர்ந்து பக்கம் பக்கமாக எழுதினார். வாங்கிப் போக ஆள் வந்தபோது, ஜெயசீலன் ருசி பார்க்கட்டும் என்று அம்மா உறையோடு ஒரு முறுக்குப் பொட்டலத்தையும் சேர்த்துக் கட்டினாள். கணக்கில் வராமல் ஒரு பொருள் போகக் கூடாது என்று அப்பா நோட்டீஸின் அடியில், இணைப்பு: முறுக்கு, ஒரு பொட்டலம் என்று எழுதிவிட்டார். மிரட்டல் கடிதத்தோடு பலகாரம் போகலாமா என்று கேட்டேன். "விதியில தடை இல்லையேம்மா" என்றார். மறுநாள் லாரி நகர்ந்துவிட்டது, கிடங்குக்காரர் பொட்டலத்தில் பாதியை ஜெயசீலனுக்கும் கொடுத்தாராம்.

இன்று காலை ஜெயசீலன் எழுதியிருக்கிறார். நோட்டீஸோடு வந்த அந்தப் பொருள், அதன் பெயர் எதுவானாலும், எல்லோருக்கும் வேண்டும், சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்லாவிட்டால் இந்த ஊர்க் கடைப் பலகாரமான பாக்கர்வடி வாங்கிவிடுவேன் என்று. அப்பா காலையிலிருந்து பதில் தயாரிக்கிறார். பொருள்: பெயர் குறித்த தெளிவுரை. இப்போதுதான் மூன்றாம் பத்தி. ஆகவே இதைப் பார்த்தவுடன் நீ அப்பாவை அழைத்து, மேலாளருக்கு விடுப்பு விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று கேள். அவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார், நான் டேப்லெட்டில் சரி, அனுப்புகிறோம் என்று போட்டுவிடுவேன். அப்பாவுக்குத் தெரியாமல் செய்வது தப்பில்லையா என்று கேட்டதற்கு, "ஆர்டர் வந்தப்புறம் அவர் எத்தனை பத்தி வேணா எழுதட்டும், நானே உக்காந்து படிக்கிறேன்" என்றாள் அம்மா.

இருமலுக்கு மிளகு ரசம் வைத்துக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே. எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க அம்மா வேண்டிக்கொள்கிறாள். அப்பா சொல்லித்தரும் விண்ணப்பத்தை வீணாக்காமல் உன் மேலாளரிடமே கொடுத்துவிடச் சொல்கிறாள். அத்தனை மாவையும் பிழிய வீட்டில் கை போதாதாம், தீபாவளிக்கு உன் கையும் வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் அம்மா கிரிஜா
(எழுதியவள் தேஜஸ்வினி, ஒன்பதாம் வகுப்பு)