பலகையில் ஒரு சீனப் படைப்பிரிவு

10 நவம்பர் 1985, ஞாயிறு

பின்னேரம் ரூ பஜோல் தெருவில் எங்கள் இயக்கத்துக் குணம் அண்ணையின் அரசியல் வகுப்பு. ஒரு சீனக் காலாட்படைப் பிரிவு எப்படி உருவானது, எதனோடு இணைந்தது என்று இரண்டு மணிநேரம் பலகையில் கோடு கீறினார். துவக்கைத் தொட்டும் பார்க்காத மனிதர்.

என்னோடு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவும் கிழவர் லீ அதே பிரிவில் சிப்பாயாக இருந்தவர். அவரையும் வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவர் பிரெஞ்சில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"பிரிவின்ரை பேர் மூண்டு தரம் மாறினது. சப்பாத்து ஒருதரமும் வரேல்லை. பனியிலை ரெண்டு கால்விரல் போச்சு."

"கோப்பை கழுவுறவருக்கு உதெல்லாம் விளங்குமே?" என்றார் அண்ணை.

அறையில் பாதிப் பேர் கோப்பை கழுவுகிறவர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

என்ன சொன்னார் என்று லீ கேட்டார். நன்றி சொல்கிறார் என்றேன். லீ எழுந்து அந்த ஆளுக்குத் தலைகுனிந்து வணங்கினார்.

தூ, நானும் ஒரு மனிதன்.