குடும்பத் தலைவர் என்கிற கட்டம்

2009 பெப்ரவரி 11, புதன்

ஆமிக்காரர் பஸ்ஸை இரண்டு இடத்தில் மறித்து எல்லாரையும் இறக்கிச் சோதித்து ஏற்றினார்கள். பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சேரப் பத்தரை. கம்பஸ் கடிதத்தைக் காட்டியதும் ஒரு அலுமாரியைத் திறந்துவிட்டு, "தூசு தட்டிப்போட்டு இருங்க" என்றார்கள்.

இறுதி ஆண்டு ஆய்வுக்கு என் தலைப்பு: சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் யார் பெயரில் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். கடல் அதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனபிறகு, உள்ளே தள்ளிக் கட்டின புது வீடுகள் மட்டும் எப்படியோ ஆண்கள் பெயருக்குப் போய்விட்டன. இன்று பார்த்த அறுபத்துமூன்று படிவத்தில் ஐம்பத்தெட்டு ஆண் பெயர். முதல் வகுப்பு எடுக்கிற தலைப்பு என்று மேற்பார்வையாளர் சுபாகரன் சேர் சும்மா சொல்லவில்லை. ஜூன் 30 கடைசி நாள்.

பெப்ரவரி 12

இன்று இரண்டாவது கட்டு. அதில் இருப்பது என் கையெழுத்து.

2005 ஜனவரி. ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருந்த நேரம். பள்ளிக்கூட முகாமில் படிவம் நிரப்ப ஆள் தேவை என்றார்கள், போனேன். நூற்றுப்பன்னிரண்டு படிவம் நிரப்பினேன், அதில் பெருமை வேறு. 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். தலைவர் என்றால் ஆம்பிளை, அவ்வளவுதான். சில பெண்கள் தங்கள் பெயரைச் சொன்னார்கள். "அது உங்கட பழைய வீடு, இது வேற. அவர்ர பேரப் போட்டா கெதியா வரும்" என்று நானே விளக்கம் கொடுத்தேன். யார் எனக்கு அப்படிச் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு திமிர்.

அதே படிவங்களை வைத்துக்கொண்டு இப்போது பெண்களின் உரிமை எப்படிப் பறிபோனது என்று அத்தியாயம் எழுதப் போகிறேன். நல்லாயிருக்கு.

பெப்ரவரி 20

ஒரு வரியும் ஓடவில்லை. நகமெல்லாம் கடித்தாயிற்று.

மார்ச் 8, ஞாயிறு

புஸ்பம் அக்காவிடம் போனேன். நாங்களும் இருக்கிற இந்தச் சுனாமி வீட்டுத்திட்டத்திலேயே பின்வரிசை. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். புருசன் அருமைநாயகம் இரண்டு வருஷமாகப் பொலன்னறுவைப் பக்கம் வேறொருத்தியோடு. இப்போது எல்லாருக்கும் காணி உறுதிப் பத்திரம் கொடுக்கப் போகிறார்களே, வீடு அவர் பெயரில். விற்கப் பேசியாயிற்றாம். ஆடிக்கு முதல் வீட்டை விட்டு எழும்பச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்.

"நான் எங்க புள்ள போற? எண்ட அம்மா தந்த வளவு கடலுக்குள்ள கிடக்கு. அண்டைக்கு அந்தப் படிவம் எழுதின புள்ளையட்ட நான் சொன்னனான், எண்ட பேரப் போடுங்க எண்டு. அது கேக்கல்ல."

அந்தப் பிள்ளை நான்தான் என்று அவருக்கு நினைவில்லை. முகாமில் தலைவிரி கோலமாய் எத்தனை பேர். நான் தலையைக் குனிந்து, அவர் சொன்னதைச் சொன்னபடி கொப்பியில் எழுதிக்கொண்டேன். மேற்கோள் குறி எல்லாம் போட்டு. எவ்வளவு வெட்கங்கெட்ட வேலை.

மார்ச் 10

சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆய்வு செய்யிற ஆள் வழக்குக்குள்ள இறங்கக்கூடாது, தனுஷியா. அந்த வீட்டை மட்டும் ஆய்வுப் பட்டியல்ல இருந்து எடுத்துப்போடுங்க. படிவம் நிரப்பினது ஆரெண்டு ஒருத்தரும் கேக்கப்போறதில்ல."

சேர் கெட்ட மனுசன் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். அதுதான் கரைச்சல்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. ஒருவரும் புது உடுப்புப் போடவில்லை. அப்பா ரேடியோவைக் காதோடு வைத்தபடி. வன்னியிலிருந்து வருகிற செய்தி கேட்டால் சோறு இறங்குதில்லை.

புஸ்பம் அக்கா பிரதேச செயலகத்தில் ஆட்சேபம் கொடுத்திருக்கிறார். மே 27 விசாரணை. "நீயும் வாறியா புள்ள, படிச்ச ஆள் ஒண்டு பக்கத்தில இருந்தா நல்லம்" என்றார். ஓம் என்றேன். என்னவாகப் போகப்போறேன்? துணையாகவா, குற்றவாளியாகவா?

மே 19, செவ்வாய்

யுத்தம் முடிந்துவிட்டதாம். சந்தியில் ஆமிக்காரர் வெடி கொளுத்தினார்கள். போகிற வருகிற எல்லாருக்கும் பாற்சோறு. அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். ஒருவரும் தொடவில்லை.

பின்னேரம் புஸ்பம் அக்கா வந்தார். "கந்தோர் திறப்பாங்களா புள்ள? இருவத்தேழு விசாரண நடக்குமா?" இந்த நாளிலும் இதைக் கேட்கிறாரே என்று ஒரு கணம் எரிச்சல் வந்தது. பிறகு, வேறு எதைக் கேட்பார் என்று தோன்றியது.

மே 27

நடந்தது.

அருமைநாயகம் வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்து வாரின தலை. "படிவத்தில எண்ட பேர்தான் சேர், வேற என்ன வேணும்" என்றார். காணி உத்தியோகத்தர் புஸ்பம் அக்காவைப் பார்த்தார். "உங்கட பேரச் சொன்னதெண்டு சொல்றீங்க. ஆரு சாட்சி?"

நான் எழும்பினேன்.

"படிவம் நிரப்பினது நான். அவ தன்ட பேரத்தான் சொன்னவ. நான்தான் மாத்தி எழுதினன்."

வாக்குமூலம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பழைய படிவத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்தை ஒப்பிட்டார்கள். அவ்வளவு நேரமும் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வருகையில் பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தது. முன்னால் போய் நின்றபடி வந்தார்.

ஜூன் 3

புஸ்பம் அக்கா உள்ளே வராமல் வாசல் படலையடியில் நின்றே பேசினார். "மூண்டு மாசம் எண்ட வீட்டுக்குள்ள இருந்து கேட்டுக் கேட்டு எழுதினாய். நான் தந்த தேத்தண்ணியக் குடிச்சாய். அப்ப ஒரு வார்த்த சொல்லல்லயே."

இல்லை, சொல்லவில்லை. பயம். உறுதி அவருக்குக் கிடைக்கட்டும் என்றுதான் சொல்லாமல் இருந்தேன் என்று ஏதாவது நியாயம் சொல்லலாம். பொய். முதல் வகுப்புக்காக.

ஜூன் 24

உறுதி புஸ்பம் அக்கா பெயரில் வருகிறது. கடிதம் வந்ததும் சின்ன மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார், வாசித்துச் சொல்லச் சொல்லி. தான் வரவில்லை.

கம்பஸில்: வாக்குமூலம் கொடுத்தபடியால் ஆய்வை இப்படியே ஏற்க முடியாதாம். என் பங்கையும் சேர்த்துத் திரும்ப எழுதி ஆறு மாதத்தில் கொடுக்கலாம், ஆனால் முதல் வகுப்பு மட்டுமில்லை, எந்த வகுப்புமே கிடையாது. சேர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வெளியே வந்து சைக்கிள் ஷெட்டில் நின்று அழுதேன். நாலு வருஷம்.

ஜூலை 5, ஞாயிறு

விடிந்ததிலிருந்து வாசலில் ஆட்கள். புஸ்பம் அக்காதான் வீட்டுத்திட்டம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். "அந்தப் புள்ளதான் எழுதினது, அதிட்டயே போய்க் கேளுங்க" என்று. வருகிறவர்கள் இருக்க ஒரு கதிரையை முன்னால் போட்டேன். பதினாலு பேர், பதினாலு ஆட்சேபக் கடிதம். சிலர் ஏசினார்கள், வாங்கிக்கொண்டேன். ஒருத்தி, புருசனுக்குத் தெரியாமல் எழுதலாமா என்று கேட்டார். அப்பா, "என்ன, தேர் வருதா எங்கட வாசலுக்கு" என்று பகிடி விட்டபடி கடைக்குப் போனார். அம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

கடைசி ஆளும் போனபிறகு கதிரையை எடுக்கப் போனேன். அம்மா வந்து அதில் இருந்தார். கைக்குள் அடையாள அட்டை.

அப்பா நல்ல மனுசன். அம்மாவை ஒருநாளும் வெளியே போ என்று சொல்லாதவர். அதைத்தான் சொன்னேன். "அப்பா என்னம்மா செய்யப்போறார்? நம்மட வீடுதானே."

"அது எனக்குத் தெரியும். நீ எழுது."

முகாமில் அம்மாவிடம் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று கனகசிங்கம் என அப்பாவின் பெயரை எழுதிவிட்டு அடுத்த படிவத்தை எடுத்திருக்கிறேன். பிள்ளை மும்முரமாய் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருப்பார்.

இன்று எல்லாரிடமும் கேட்டது போலவே கேட்டேன், முழுப் பெயர் சொல்லுங்க என்று. அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். அன்னபூரணி என்று எழுதினேன்.