கதவுத் திருகாணியில் பூசிய சேறு

என் அன்பு அண்ணாவுக்கு,

கார் ஓடுகிறது. நீங்கள் முதலில் கேட்பது அதைத்தானே? ஒயில் மாற்றிவிட்டேன். பிளக்குகளைத் துடைத்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு, அண்ணிக்கு நாள் நெருங்க நெருங்க எனக்கு ஒரே பயம்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எல்கடுவ இறக்கத்தில் கார் நின்றுவிட்டால்? அதனால் பழுது வருமுன்பே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இறங்க மறுத்த பின்கதவுக் கண்ணாடியையும் விடவில்லை. கதவின் உள்பலகையைக் கழற்றி, கிறீஸ் பூசி, திரும்ப மூட்டினேன்.

நீங்கள் செய்கிற ஒன்றை மட்டும் செய்யவில்லை. சர்விஸ் முடிந்ததும் கழற்றிய இடத்திலெல்லாம் சேற்றைத் தொட்டு வைப்பீர்களே. "கண்ணு பட்டுரும் தங்கச்சி, திருஷ்டிக்கு" என்றீர்கள். புத்தகம் படிக்கிறவள் நான், சிரித்தேன்.

வலி கண்ட காலையில் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். டவுனுக்கு முன்னால் செக் பொயின்டில் நிறுத்தினார்கள். சிப்பாய் பின்கதவருகே குனிந்தான். புதிதாய்க் கழற்றிப் பூட்டிய தடத்தோடு மினுங்கிய திருகாணிகளை விரலால் தட்டி, "மொகத மே?" என்றான். என்ன இது என்று. கிறீஸ் போட்டேன் என்று சிங்களத்தில் சொன்னேன். என் அடையாள அட்டையில் இருந்த தமிழ்ப் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன ஒளித்திருக்கிறாய், கழற்று என்றான்.

திருகாணி கையில் வழுக்கியது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு, "சுருக்கா பாக்கச் சொல்லு புள்ள. உள்ள இருக்குறதுக்கு ஐடென்டிடி கார்டு இல்ல, அது பாட்டுக்கு எறங்கி வந்துரும்" என்றார். நான் சிரித்தேனா, அழுதேனா? பலகைக்குள் கிறீஸைத் தவிர ஒன்றும் இல்லை. போகச் சொல்லிக் கையை வீசினான்.

மகள், அண்ணா. வார்டுக்குள் போன கொஞ்ச நேரத்தில் பிறந்தாள். நம் கார் ஹோர்னைப் போலவே அழுகிறாள்.

எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அந்தச் சேறு யாருடைய கண்ணுக்கு? ஏன் என்னிடம் சொல்லவில்லை? உங்களை எத்தனை முறை கழற்ற வைத்தார்கள்? கழற்ற வைத்தது கதவை மட்டும்தானா?

நேற்று பிரேக் பார்த்தேன். முடிந்ததும் நானும் சேறு பூசினேன். கழுவிய பிறகும் கை கூசுகிறது.

சர்விஸ் ஒன்றும் தவறாது. துடைத்த காரைச் சேறு பூசாமல் அப்படியே ரோட்டில் இறக்கக்கூடிய ஒரு நாள் வரட்டும். உங்கள் மகளை முன்சீட்டில் உட்கார வைத்து, திருகாணிகள் மினுங்க மினுங்க அதே வழியாக ஓட்டிப்போவேன்.

அதுவரை சேற்றுக் கையோடு,
உங்கள் தங்கை, இப்போது ஒருத்திக்கு அத்தை.