மாப்பிள்ளையின் கெடா விருந்து

19.5.1996, ஞாயிறு. இரவு.

இன்று சூலூர்க் கருப்பராயன் கோயிலில் கெடா வெட்டு. தங்கை சரசுவின் கணவருக்கு இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கான வேண்டுதல். தோட்டத்தில் பாதியை விற்று, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார்கள். கறி, நெய், சிகரெட் மூன்றையும் விட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

பந்தியில் முதல் கறி மாப்பிள்ளையின் இலையில்தான் விழுந்தது. மோட்டார் பட்டறை வைத்திருப்பவர் என்பதால் அவருக்குப் புரிகிற மாதிரி கேட்டேன்.

"ஏனுங்க மாப்ள, லோ வோல்டேஜ்ல காயில் எரிஞ்சு, புதுசாக் கட்டுன மோட்டாரை மறுபடியும் அதே வோல்டேஜ்ல ஓட்டுனா என்னாகும்?"

"எரிஞ்சுபோகுமுங்க மச்சான். மறுக்காக் கட்டிக்கலாம். அதுக்குத்தானுங்க சம்பாரிக்கறது!"

பந்தியே சிரித்தது. சரசுவைப் பார்த்தேன்.

"சாமிக்கு நேர்ந்ததுங்ண்ணா. விருந்து வெச்சவரே கறியத் தொடலீன்னா சனம் என்ன பேசும்?" என்று இன்னொரு கரண்டி வைத்தாள்.

ஆஸ்பத்திரி அடைப்பைச் சரிசெய்து கொடுத்தது. அது மறுபடி வராமல் பார்ப்பதை எவ்வளவு பணம் கட்டினாலும் வீட்டில்தான் செய்ய வேண்டும். இதை அங்கே யாரிடம் சொல்வது?

கை கழுவப் போன மாப்பிள்ளை பாதியில் நின்று நெஞ்சைத் தடவினார். "ஏப்பமுங்க" என்றார்.

கடைசி பஸ்ஸில் வந்துவிட்டேன். எனக்குப் பக்கத்து வீட்டுக்குத்தான் போன் வரும். மணி அடித்தால் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.