சுவரில் மாட்டிய கைலிகள்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை. ஜப்பான்காரன் கணக்கில் 2603; பழைய கணக்கில் 1943.

அலோர் ஸ்டார் டவுனில் ஜப்பான்காரர்கள் துணியைத் தேடித் தேடி அள்ளிப் போகிறார்கள் என்று கேட்டதுமே, எங்கள் கடையில் மிஞ்சியதை வீட்டுச் சுவரில் மாட்டியது நான்தான். இவர், என் வீட்டுக்காரர், பெட்டியில் பூட்டிவைக்கச் சொன்னார். "பெட்டியில வச்சா பதுக்கல். செவுத்துல மாட்டுனா அலங்காரம்" என்றேன்.

ஏனோதானோ என்று மாட்டவில்லை. அடியில் முரட்டுப் பாய். அதன்மேல் பெரிய கட்டம் போட்ட கைலிகள், அதையொட்டிப் பொடிப்பூப் போட்ட சீட்டித் துணி, ஓரத்தில் வெறும் நீலம். பெரிய கட்டத்துக்குப் பக்கத்தில் பெரிய பூ வந்தால் கடை மாதிரித் தெரியும். இரண்டு தடவை கழற்றி மாற்றினேன்.

இன்று காலை சோதனைக்கு வந்த ஜப்பான் அதிகாரி பெட்டிகளைக் கொட்டிப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பாகுஸ்" என்று மலாயில் மெச்சிச் சிரித்தார்.

கூட வந்த தமிழ்க் கிராணி, அவருடைய குமாஸ்தா, சொன்னார்: "அக்கா, அவரு வீட்டு ஹாலையும் இதே மாதிரி செஞ்சு குடுக்கணுமாம். திங்கக்கிழமை உங்கள ஏத்திட்டுப் போக காடி அனுப்புறாராம்."

"துணிக்கு எங்க போறது?"

"அதான் உங்ககிட்ட இருக்கேங்கிறாரு லா."

இவர் இன்னும் தூங்கவில்லை. எனக்குப் பயமில்லை. அரிசிச் சாக்குகளைப் பிரித்து, பாதியை மஞ்சளிலும் பாதியை மங்குஸ்தீன் தோல் சாயத்திலும் ஊறவைத்துவிட்டேன். சாக்கிலும் அழகு வரும். எனக்கு வரவைக்கத் தெரியும்.

சுங்கை லாலாங் தோட்டத்தில் என் நாத்தனார் உடுத்தத் துணியில்லாமல் சாக்கைச் சுற்றிக்கொண்டு ரப்பர் பால்மரம் வெட்டப் போகிறாள். விடிந்ததும் கைலிகள் அவளுக்குப் போகும். சாக்கு அதிகாரிக்கு.